சட்டைக்குள் லோட் செய்த துப்பாக்கி: அமெரிக்காவில் ஒரு உறை ஏன் உயிர்ப் பிரச்னை ஆகிறது?

2008 நவம்பர் மாத இறுதி. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு இரவு விடுதி. அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரெஸ் நண்பர்களுடன் உள்ளே போகிறார். அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வெற்றியைத் தந்த பந்தைப் பிடித்தவர் அவர்தான். அன்று அவருடைய பேண்ட் இடுப்பில் லோட் செய்த கிளாக் கைத்துப்பாக்கி ஒன்று செருகப்பட்டிருந்தது. அதற்கு உறை எதுவும் இல்லை.

துப்பாக்கி மெல்ல பேண்ட்டுக்குள் நழுவியது. அதைப் பிடிக்க அவர் கையை விட்ட நொடியில் அது வெடித்தது. குண்டு அவருடைய தொடையையே துளைத்தது. உயிர் பிழைத்தார். ஆனால் நியூயார்க்கில் செல்லுபடியாகும் அனுமதி அவரிடம் இல்லை. 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2011 ஜூனில்தான் வெளியே வந்தார்.

அன்று யாரும் அவரைச் சுடவில்லை. அவரும் யாரையும் சுட நினைக்கவில்லை. டிரிகரை மூடி, துப்பாக்கியை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் ஒரு உறை இருந்திருந்தால் அந்தக் குண்டு வெடித்திருக்காது.

இந்த உறைக்குத்தான் 'ஹோல்ஸ்டர்' என்று பெயர். நம்ம ஊர் போலீஸ்காரர்கள் இடுப்பில் பார்த்திருப்போம். அமெரிக்காவில் இதை அணிவது போலீஸ் மட்டுமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு நிற்பவர், பக்கத்து சீட்டில் காபி குடிப்பவர் என யார் சட்டைக்குள்ளும் இருக்கலாம். ஒரு உறையில அப்படி என்ன இருக்கு? எந்த உறை சரி, எது ஆபத்து? இதை அரசு கண்காணிக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எத்தனை பேர் இப்படி எடுத்துச் செல்கிறார்கள்?

துப்பாக்கியை வெளியே தெரியாமல் உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதை அமெரிக்காவில் 'கன்சீல்டு கேரி' என்கிறார்கள். 2022-ல் வெளியான ஒரு பொது சுகாதார ஆய்வு, 2019 நிலவரத்தை இப்படி மதிப்பிட்டது: ஒரு மாதத்தில் ஒரு முறையாவது லோட் செய்த கைத்துப்பாக்கியோடு வெளியே போனவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். தினமும் அப்படிப் போகிறவர்கள் சுமார் 60 லட்சம் பேர். 2015-ல் இருந்ததைவிட தினமும் எடுத்துச் செல்வோர் எண்ணிக்கை இரண்டு மடங்கு.

கொரோனா காலத்தில் துப்பாக்கி விற்பனை எகிறியது. அதற்கு முந்தைய கணக்கு இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் எப்படி மாறியது?

ஒரு காலத்தில் மறைத்து எடுத்துச் செல்ல பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் வேண்டும். உரிமம் வாங்கப் பல மாநிலங்களில் வகுப்பு, தேர்வு, சுட்டுக் காட்டுதல் என ஏதாவது ஒன்று இருக்கும். வெர்மான்ட் மட்டும் விதிவிலக்கு, அங்கே எப்போதுமே உரிமம் கேட்டதில்லை. 2003-ல் அலாஸ்கா அந்த வழிக்கு வந்தது. 2010-ல் அரிசோனா. 2021-ல் டெக்சாஸ். 2023-ல் ஃபுளோரிடா. 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் உரிமம் இல்லாமலேயே அதை மறைத்து எடுத்துச் செல்லலாம்.

இன்னொரு பக்கம் உச்ச நீதிமன்றம். 2022 ஜூன் 23 அன்று நியூயார்க் வழக்கு ஒன்றில் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 'எனக்குத் துப்பாக்கி தேவை என்பதற்குத் தனிப்பட்ட காரணம் இருக்கிறது' என்று நிரூபித்தால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் பழைய விதி செல்லாது என்றது நீதிமன்றம். பொது இடத்தில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நியூயார்க் உடனே புதிய சட்டம் போட்டது. உரிமம் வேண்டுமென்றால் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி, மொத்தம் 18 மணி நேரம். அதே நாட்டில் டெக்சாஸில் ஒரு மணி நேரம்கூட கட்டாயம் கிடையாது.

டெக்சாஸ் உதாரணம்: காணாமல் போன ஒரு பாடம்

டெக்சாஸில் என்ன நடந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகப் புரியும்.

2016-ல் அங்கே உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை வெளிப்படையாக இடுப்பில் அணிய அனுமதி வந்தது. அப்போது சட்டத்தில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, வெளியே தெரியும் துப்பாக்கி உறைக்குள்தான் இருக்க வேண்டும். இரண்டு, உரிமத்துக்கான வகுப்பில் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் உறைகளைப் பற்றியும் பாதுகாப்பாக அணியும் முறை பற்றியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வகுப்பே 4 முதல் 6 மணி நேரம்தான். ஆனாலும் இந்தப் பாடம் அதில் இருந்தது.

2021 செப்டம்பர் 1 முதல் உரிமமே கட்டாயம் இல்லை என்றானது. வகுப்பு இன்றைக்கும் இருக்கிறது, விரும்பியவர்கள் போகலாம். விரும்பாதவர்கள் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பலாம். வெளியே தெரிந்தால் உறை வேண்டும் என்ற விதி இன்னும் இருக்கிறது. மறைத்து வைத்தால் உறை வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை.

துப்பாக்கி வாங்க கடையில் பின்னணி சோதனை உண்டு. உறைக்கு அதுவும் இல்லை. ஆன்லைனில் யாரு வேணும்னாலும் வாங்கலாம். எது சரி, எது தப்பு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. முன்பு பயிற்றுநர் ஒருவர் வகுப்பில் எடுத்துச் சொன்ன விஷயத்தை, இப்போது வாங்குபவரே கண்டுபிடிக்க வேண்டிய நிலை.

உறை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இன்று மறைத்து எடுத்துச் செல்லப் பயன்படும் பல கைத்துப்பாக்கிகளில் கட்டை விரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. 1980-களில் வந்த கிளாக் வகைத் துப்பாக்கிகள் இதற்கு உதாரணம். அவற்றின் பாதுகாப்பு டிரிகரிலேயே இருக்கிறது. டிரிகர் நடுவில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதோடு சேர்த்து டிரிகரைப் பின்னால் இழுத்தால்தான் வெடிக்கும். கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது என்பதற்காக உள்ளே தனித் தடுப்புகளும் உண்டு.

இழுக்கத் தேவையான விசை கிட்டத்தட்ட 2.5 கிலோ. இழுப்பது விரலா, சட்டை நுனியா, பாக்கெட்டில் இருக்கும் சாவியா என்று துப்பாக்கிக்குத் தெரியாது. டிரிகர் பின்னால் போனால் அது வெடிக்கும்.

இன்னொன்று, மறைத்து எடுத்துச் செல்பவர்களில் பலர் ஒரு தோட்டாவை ஏற்கெனவே குழலின் பின்பக்க அறையில் ஏற்றித்தான் வைத்திருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் ஏற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்பது அவர்கள் வாதம். அப்படியென்றால் டிரிகருக்கும் குண்டுக்கும் நடுவில் வேறு படி எதுவும் இல்லை. அந்த டிரிகருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் இருப்பது உறை மட்டும்தான்.

உறையின் வேலை என்ன?

மறைப்பதுதான் உறையின் முதல் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். துப்பாக்கிப் பயிற்றுநர்கள் சொல்லும் வரிசை வேறு.

முதல் வேலை, டிரிகரையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுசா மூடுவது. விரலோ துணியோ உள்ளே போக இடம் இருக்கக் கூடாது. மூடும் பொருள் வெளியிலிருந்து அழுத்தினால் வளையக் கூடாது.

இரண்டாவது, துப்பாக்கியைப் பிடித்து வைப்பது. ஓடினாலும் குனிந்தாலும் தடுக்கி விழுந்தாலும் அது வெளியே வரக் கூடாது.

மூன்றாவது, உறை பெல்ட்டை விட்டு நகராமல் இருப்பது. எடுக்கும்போது துப்பாக்கியோடு சேர்ந்து உறையும் கையில் வந்துவிட்டால் பயன் இல்லை.

நான்காவதாகத்தான் மறைப்பது வருகிறது. சட்டைக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் தெரிவதை 'பிரின்டிங்' என்கிறார்கள். தெரியக் கூடாது என்பதற்காக மெல்லிய, தொளதொள உறையைத் தேடிப் போகிறவர்கள் முதல் மூன்றையும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2018 ஜூனில் டென்வர் நகரில் நடந்த சம்பவத்தின் வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். பணியில் இல்லாத எஃப்பிஐ அதிகாரி ஒருவர் மதுக்கூடத்தில் நடனமாடுகிறார், பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கிறார். இடுப்பிலிருந்த துப்பாக்கி தரையில் விழுகிறது. அவசரமாகக் குனிந்து எடுக்கும்போது அது வெடிக்கிறது. அங்கே நின்ற ஒருவரின் காலில் குண்டு பாய்ந்தது. அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

இதில் கவனிக்க இரண்டு விஷயம் இருக்கு. ஒன்று, அந்த ஆள் முழுநேரப் பயிற்சி பெற்றவர். பயிற்சி இருந்தும் துப்பாக்கி இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு, கீழே விழுந்தபோது அது வெடிக்கவில்லை, பதறி எடுத்தபோதுதான் வெடித்தது. அதனால்தான் 'விழும் துப்பாக்கியைப் பிடிக்காதே, விழட்டும்' என்பது பயிற்சியின் பாலபாடங்களில் ஒன்று. பரெஸ் விஷயத்திலும் நடந்தது இதேதான்.

உடம்பில் எங்கே அணிகிறார்கள்?

இடுப்பின் பக்கவாட்டில், பேண்ட்டுக்கு உள்ளே: பரவலாக இருக்கும் முறை. வலது கைக்காரர் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் அணிவார். சட்டை மேலே விழுந்தால் போதும், தெரியாது. குனியும்போது பின்பக்கம் புடைக்கும்.

இடுப்பின் முன்பக்கம்: தொப்புளுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில். சமீப ஆண்டுகளில் இளைஞர்களிடம் அதிகம் பிரபலம். சீக்கிரம் எடுக்கலாம், நன்றாக மறையும். ஆனால் உட்காரும்போது குழல் வாய் தொடை, இடுப்புக்குக் கீழான பகுதியைப் பார்த்து நிற்கும். தொடையின் பெரிய ரத்தக் குழாய் அங்கேதான் ஓடுகிறது. அது கிழிந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். இந்த இடத்தில் அணிபவர் மட்டமான உறை வாங்கினால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

பெல்ட்டுக்கு வெளியே: வசதியானது. ஆனால் மேலே கோட்டோ ஜாக்கெட்டோ வேண்டும்.

பாக்கெட்: சின்னத் துப்பாக்கிகளுக்கு. இதற்கும் தனி உறை அவசியம். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா என வேறு எதுவும் இருக்கக் கூடாது.

கணுக்கால், தோள்: கணுக்காலில் இருந்தால் எடுக்க நேரமாகும். தோள் உறையில் துப்பாக்கி படுத்த நிலையில் இருந்தால் குழல் வாய் பின்னால் நிற்பவரைப் பார்க்கும்.

முதுகின் நடுவில்: சினிமாவில் ஹீரோ செருகும் இடம். நிஜத்தில் மல்லாக்க விழுந்தால் முதுகெலும்பில் நேராக இரும்பு குத்தும். பயிற்றுநர்கள் பலர் வேண்டாம் என்கிறார்கள்.

இவற்றில் எதுவானாலும் பெல்ட் முக்கியம். 15 தோட்டா நிரப்பிய கிளாக் 19 துப்பாக்கி கிட்டத்தட்ட 850 கிராம் எடை. சாதாரண பெல்ட் அந்தப் பாரத்தில் தொங்கும். உறை சாயும், துப்பாக்கி ஆடும். அதனால் விறைப்பான தனி பெல்ட் விற்கிறார்கள்.

தோலா, பிளாஸ்டிக்கா?

தோல் உறைதான் பழைய வழக்கம். உடம்போடு ஒட்டி இருக்கும், உறுத்தாது. ஆனால் வியர்வையில் ஊறி ஊறித் தொளதொளக்கும். வாய்ப்பகுதி தளர்ந்து மடிந்தால் அந்த மடிப்பே உள்ளே போய் டிரிகரைத் தள்ளலாம். துப்பாக்கியை உள்ளே அழுத்தும்போதோ காரில் உட்காரும்போதோ அது வெடிக்கும் ஆபத்து இருக்கிறது.

இப்போது அதிகம் விற்பது 'கைடெக்ஸ்' என்ற விறைப்பான பிளாஸ்டிக். 1960-களில் விமான உட்புறங்களுக்காக உருவாக்கப்பட்ட பொருள் இது. சூடாக்கி துப்பாக்கியின் அச்சிலேயே வார்ப்பதால் அந்த மாடலுக்கு மட்டும் சரியாகப் பொருந்தும். துப்பாக்கி உள்ளே போகும்போது 'கிளிக்' என்று சத்தம் கேட்கும். வியர்வை ஊறாது, வாய் மூடிக்கொள்ளாது. உடம்பில் உறுத்தும் என்பதுதான் குறை.

இரண்டையும் கலந்து, உடம்புப் பக்கம் தோல், வெளிப்பக்கம் பிளாஸ்டிக் என்றும் வருகிறது. அதில் தோல் பகுதி தளர்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

'எல்லா துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று விற்கும் மெல்லிய நைலான் உறைகள்தான் விலை குறைவு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்குமே சரியாகப் பொருந்தாது என்றுதான் அர்த்தம். நைலானுக்கு மேலிருந்தே டிரிகரை அழுத்த முடிகிறது என்றால் அது உறை வேலையைச் செய்யவில்லை.

இன்னொரு வகையும் சர்ச்சையில் சிக்கியது. சுட்டு விரலால் ஒரு பட்டனை அழுத்தினால் துப்பாக்கி விடுபடும் உறை. பதற்றத்தில் பட்டனை அழுத்திய அதே விரல், துப்பாக்கி வெளியே வரும்போது டிரிகருக்குள் போய்விடுகிறது என்பது புகார். சில பயிற்சி மையங்கள் அந்த வகை உறைக்கே தடை போட்டிருக்கின்றன.

வெளியே எடுப்பதைவிட, உள்ளே வைப்பதில் ஆபத்து

எடுக்கும்போதுதான் ஆபத்து என்று தோன்றும். ஆனால் உறைக்குள் திரும்ப வைக்கும்போதுதான் அதிகம் கவனம் வேண்டும் என்கிறார்கள் பயிற்றுநர்கள். சட்டை நுனி, ஜாக்கெட்டின் கயிறு, பட்டன் ஏதாவது டிரிகர் வளையத்துக்குள் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து துப்பாக்கியை அழுத்தினால், துணி டிரிகரை இழுத்துவிடும். குழல் வாய் பார்த்துக்கொண்டிருப்பது தன் தொடையைத்தான்.

அதற்கு அவர்கள் சொல்லும் வழி எளிது. வேகமாக எடுப்பவருக்கு ஒருவேளை உயிர் மிஞ்சலாம், வேகமாக வைப்பவருக்கு எந்தப் பரிசும் இல்லை. சட்டையை முழுசா தூக்கு, கண்ணால் உறையைப் பார், விரலை வெளியே நீட்டி வை, மெதுவாக வை. இன்னும் பாதுகாப்பான வழி, உறையைக் கழற்றி, துப்பாக்கியை அதில் வைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து இடுப்பில் மாட்டுவது.

ஹேண்ட்பேக்கில் வைத்தால்?

2014 டிசம்பர் 30. ஐடஹோ மாநிலத்தில் ஒரு வால்மார்ட் கடை. 29 வயது இளம் தாய் ஒருவர் பிள்ளைகளோடு சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறார். தள்ளுவண்டியில் 2 வயது மகன். பக்கத்தில் ஹேண்ட்பேக். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையுடன் செய்யப்பட்ட பேக் அது. குழந்தை ஜிப்பைத் திறந்து கையை விட்டது. ஒரே குண்டு. தாய் அங்கேயே இறந்தார்.

அவரிடம் உரிமம் இருந்தது. பேக்கும் அதற்கென்றே விற்கப்பட்டதுதான். ஆனால் பேக் உடம்பை விட்டு எப்போது வேண்டுமானாலும் விலகும். விலகிய நொடியில் துப்பாக்கி யார் கையில் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை.

பேக்கில் வைப்பவர்கள் மறந்தும் போகிறார்கள். அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2024-ல் மட்டும் 6,678 துப்பாக்கிகள் சிக்கின. அவற்றில் 94 சதவீதம் லோட் செய்யப்பட்டவை. கேட்டால் பலர் சொல்லும் பதில், 'பேக்கில் இருந்ததே மறந்துவிட்டது'.

உறையில் இருந்தும் வெடித்தால் யார் பொறுப்பு?

இதுதான் இப்போது அமெரிக்க நீதிமன்றங்களில் நடக்கும் பெரிய சண்டை. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 ரகத் துப்பாக்கி, டிரிகரைத் தொடாமலேயே வெடித்தது என்று போலீஸார் உட்படப் பலர் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். பல புகார்களில் துப்பாக்கி உறைக்குள் இருந்தது. டிரிகரை இழுக்காமல் பி320 வெடிக்காது என்று நிறுவனம் திட்டவட்டமாக மறுக்கிறது.

2024 நவம்பரில் ஃபிலடெல்ஃபியா நடுவர் குழு ஒன்று, முன்னாள் ராணுவ வீரருக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. வீட்டுப் படியில் இறங்கும்போது, உறையில் வைத்து பாக்கெட்டில் போட்டிருந்த துப்பாக்கி வெடித்துக் காயமடைந்தவர் அவர்.

2025 ஜூலையில் வயோமிங் விமானப்படைத் தளத்தில் ஒரு வீரர் இறந்தபோது, இதே குடும்பத்தைச் சேர்ந்த எம்18 துப்பாக்கியின் பயன்பாட்டை விமானப்படையின் ஒரு பிரிவு நிறுத்தி வைத்தது. சில வாரங்களில் அந்த மரணம் தொடர்பாக இன்னொரு வீரர் கைதானார். சோதனைகளுக்குப் பிறகு துப்பாக்கி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. முதலில் துப்பாக்கி மீது விழுந்த சந்தேகம், விசாரணையில் மனிதர் பக்கம் திரும்பியது. முடிவுக்கு அவசரப்படக் கூடாது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

இந்த வழக்குகளில் உறையும் ஒரு சாட்சி ஆகிவிடுகிறது. சரியான மாடலுக்கான உறையா? வாய்ப்பகுதியில் இடைவெளி இருந்ததா? துப்பாக்கிக்கு அடியில் டார்ச் விளக்கு மாட்டியிருந்தால் உறையை அகலமாகச் செய்ய வேண்டியிருக்கும். அப்போது டிரிகர் பக்கம் சிறு சந்து கிடைக்கும். ஒரு சாவி அதில் நுழைந்தாலும் போதும்.

சரி, அரசே சோதித்துச் சொல்லலாமே? அமெரிக்காவில் பொம்மை முதல் மின்விசிறி வரை பாதுகாப்பைப் பார்க்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் அதன் அதிகாரத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் துப்பாக்கியில் குறையா, உறையில் குறையா, ஆளின் தவறா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் யாராவது காயப்பட்ட பிறகு, நீதிமன்றத்தில்தான் தீர்கிறது.

போலீஸ் காரை நிறுத்தினால்?

2016 ஜூலை, மினசோட்டா. ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரின் காரை போலீஸ் நிறுத்துகிறது. அவரிடம் உரிமம் இருந்தது. 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் அதிகாரி சுட்டுக் கொன்றார். அவர் துப்பாக்கியை எடுக்கிறார் என்று பயந்ததாக அதிகாரி சொன்னார். 2017-ல் நடுவர் குழு அதிகாரியை விடுவித்தது.

உறையைத் தேர்வு செய்வதில் இதுவும் ஒரு கணக்கு. பர்ஸும் துப்பாக்கியும் ஒரே பக்கம் இருந்தால், பர்ஸை எடுக்கப் போகும் கை துப்பாக்கிக்குப் போவது போலத் தெரியும். அதனால் பர்ஸ் எதிர்ப்பக்கம் இருக்கட்டும், கைகள் ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும் என்று சொல்லித் தருகிறார்கள். ஆனால் காஸ்டில் விஷயத்தில் இருந்த நிறப் பாகுபாட்டுக் கேள்விக்கு எந்த உறையும் பதில் ஆகாது.

உறை எதைத் தடுக்காது?

2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் தற்கொலை 27,300. கொலை 17,927. தவறுதலாக வெடித்து இறந்தவர்கள் 463 பேர். நல்ல உறையும் நல்ல பழக்கமும் தடுக்கக்கூடியது இந்தக் கடைசி எண்ணில் ஒரு பகுதியையும், கணக்கில் வராத காயங்களையும்தான்.

463 சின்ன எண்ணாகத் தெரியலாம். அதற்குள்தான் ஐடஹோ தாய் போன்றவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், பெரிய எண்கள் உறையால் குறையப் போவதில்லை. வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றி மேஜையில் வைத்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகு குழந்தையிடமிருந்தும், மனம் உடைந்த ஒருவரிடமிருந்தும் துப்பாக்கியைப் பிரித்து வைப்பது பூட்டுள்ள பெட்டிதான்.

வாங்கும் முன் பார்க்கச் சொல்வது என்ன?

அமெரிக்கப் பயிற்றுநர்கள் சொல்பவற்றைச் சுருக்கினால் இதுதான். தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்த துப்பாக்கியில் மட்டும் இவற்றைப் பார்க்க வேண்டும்.

• இந்த உறை என் துப்பாக்கி மாடலுக்கென்றே செய்ததா?

• டிரிகர் முழுசா மூடுகிறதா? வெளியிலிருந்து அழுத்தினால் டிரிகர் அசைகிறதா?

• தலைகீழாகப் பிடித்து ஆட்டினால் துப்பாக்கி விழுகிறதா?

• துப்பாக்கியை எடுத்த பிறகு உறையின் வாய் திறந்தே நிற்கிறதா?

• இழுக்கும்போது கொக்கி பெல்ட்டை விட்டு வருகிறதா?

• உட்கார்ந்தால், குனிந்தால், காரில் பெல்ட் போட்டால் என்ன ஆகிறது?

• உறுத்துகிறது என்று பாதி நாளில் கழற்றி கார் சீட்டில் வைக்கத் தோன்றுமா? தோன்றினால் அது உங்களுக்கான உறை இல்லை.

அடுத்து என்ன?

ஒரு மாநில அனுமதி எல்லா மாநிலத்திலும் செல்ல வேண்டும் என்று ஒரு மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டில் நின்றுபோனது. 2025 ஜனவரியில் மறுபடி தாக்கலானது. உரிமம் கேட்காத மாநிலத்தவருக்கும் அது பொருந்தும். அது சட்டமானால் நியூயார்க்வாசி 18 மணி நேரம் பயிற்சி முடித்துவிட்டுத்தான் துப்பாக்கியோடு தெருவில் நடக்க முடியும். பக்கத்தில் வரும் வெளிமாநிலத்தவர் ஒரு மணி நேரம்கூட படிக்காமல் நடக்கலாம். அடையாள அட்டை இருந்தால் போதும்.

ஆதரவாளர்கள் கேட்பது: அரசியல் சாசன உரிமைக்கு எதற்குத் தேர்வு? எதிர்ப்பவர்கள் கேட்பது: கார் ஓட்டத் தேர்வு வைக்கும் நாட்டில் இதற்கு ஏன் கூடாது? இந்த விவாதம் இப்போதைக்கு முடியப் போவதில்லை.

அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மூர்ப் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. டெக்சாஸில் சில கடை வாசல்களில் '30.06' என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் அறிவிப்பு இருக்கும். உரிமம் உள்ளவர்களும் துப்பாக்கியை மறைத்து எடுத்து வரக் கூடாது என்று அர்த்தம். அந்தப் பலகை இல்லாத கடையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர் சட்டைக்குள் துப்பாக்கி இருக்கலாம். அது எப்படிப்பட்ட உறையில் இருக்கிறது, உறையில்தான் இருக்கிறதா என்பதை அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.